தடிக்காத பத்தாவது புள்ளி

போன வாரம் வரைக்கும் இந்தப் பத்தியில் என் தங்கச்சி புருஷனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். படித்தவர்களில் பாதிப் பேர் "நல்லா கேட்டீங்க" என்றார்களாம். மீதிப் பேர் "அந்த ஆளையும் கொஞ்சம் பேச விடுங்க" என்றார்களாம். சரி, விடுகிறேன். வியாழக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அவரைப் பேச விட்டுத்தான் ஆக வேண்டும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. அவர் ஒரு பெரிய பேக்கரியில் கேக் மாஸ்டர். என் தங்கச்சி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது ஏழு வயசு சிட்டு. நான் பெரியம்மா. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். அடுத்தவர் ஓட்டும் வண்டிக்குப் பக்கத்து சீட்டிலிருந்து பிரேக் போடுவது என் பிழைப்பு. என் குணமும் அதேதான் என்பார் மாஸ்டர்.

போன வருஷம் மாஸ்டர் வீட்டுக்குப் போன சிட்டு, முந்திரி போட்ட கேக் ஒரு துண்டு தின்றுவிட்டு, உதடு வீங்கித் திரும்பி வந்தாள். "எறும்பு கடிச்சிருக்கும்" என்றார் அவர். அன்றிலிருந்து தங்கச்சிக்கு எதைப் பார்த்தாலும் பயம். முந்திரியில் ஆரம்பித்தவள், வேர்க்கடலை, எள், முட்டை, பால், கோதுமை, மீன், இறால் என்று பட்டியலை இழுத்துக்கொண்டே போய்விட்டாள். "பால் ஆகாது, முட்டை ஆகாது, கோதுமை ஆகாது, அப்பா ஆகாது. நேராச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று குடும்ப நீதிமன்றத்துச் சமரச அலுவலகத்தில் மேஜையைத் தட்டினார் மாஸ்டர்.

அங்கிருந்த அதிகாரி அம்மா இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். "போதும். ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுங்க. ரெண்டு பேரும் கூடவே இருங்க. திங்கக்கிழமை டாக்டர் எழுதின காகிதத்தோட வாங்க" என்றார். காகிதத்தில் ஒன்றுமில்லை என்று வந்தால், சனி ஞாயிறு இரண்டு நாளும் சிட்டு மாஸ்டர் வீட்டில். ஒரு நிபந்தனையும் கிடையாது. அந்த வீட்டில் கேக் வாசனை இல்லாத மூலையே கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும்.

அதுதான் வியாழக்கிழமை. ஆஸ்பத்திரி இரண்டாவது மாடி, பதினாலாம் நம்பர் அறை.

மாஸ்டர் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். காதுக்குப் பின்னால் மைதா. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் சதுரமாக ஏதோ ஒன்று.

"பையில என்ன?" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு, டிரைவரம்மா?"

"கேக்கா?"

"நான் என்ன செருப்புக் கடையா வெச்சிருக்கேன்? கேக்தான் இருக்கும்."

"ஆஸ்பத்திரிக்குள்ளயே கொண்டு வந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"எதுக்கு வெக்கம்? டெஸ்ட் முடிஞ்சதும் என் பொண்ணுக்குக் குடுக்கப் போறேன். ஊர்ல இருக்கறவன் பொண்ணுக்கெல்லாம் பிறந்த நாளைக்கு நான் கேக் போடறேன். என் பொண்ணு பிறந்த நாளைக்கு நீங்க வாழைப்பழம் வெட்டினீங்க. போட்டோ பாத்தேன். மெழுகுவத்தி வேற, பழத்து மேல!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். எதிரி சொல்லும் ஜோக்குக்குச் சிரிப்பதாவது!

தங்கச்சி எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் சிட்டுவின் சட்டைக் கையை மடித்து விட்டாள். நர்ஸ் வந்தாள். சின்ன வயசு, சிரித்த முகம், சுறுசுறுப்பான கை.

"அஞ்சு நாளா அலர்ஜி மருந்து, அரிப்பு மருந்து எதுவும் குடுக்கலையே?"

"இல்ல சிஸ்டர். ஃப்ரிட்ஜ் கதவுலயே எழுதி ஒட்டி வெச்சிருந்தேன்" என்றாள் தங்கச்சி.

"என்கிட்ட ஞாயித்துக்கிழமை பார்க்ல ரெண்டு மணி நேரம்தான் விடறாங்க. அதுல மருந்து குடுக்க ஏது நேரம்?" என்றார் மாஸ்டர்.

சிட்டுவின் முன்கையில் பேனாவால் ஒன்று முதல் பத்து வரை எழுதினாள் நர்ஸ். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு. பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, முந்திரி, எள், மீன், இறால். சொட்டின் மேல் மெல்லிசாக ஒரு குத்து. சிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணினாள்.

"எட்டு சாமான்தானே? பத்து போடறீங்களே?"

"பாப்பா கணக்குல புலி! ஒம்பதாவது வெறும் உப்புத் தண்ணி. அது யாருக்கும் தடிக்காது. பத்தாவது, யாரு கையில குத்தினாலும் தடிக்கும். எனக்குக் குத்தினாலும் தடிக்கும். டெஸ்ட் சரியா வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு. சொறியக் கூடாது, என்ன?"

இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். நாலு பிளாஸ்டிக் நாற்காலி. மாஸ்டர் ஒரு ஓரம், நான் மறு ஓரம்.

"தடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"தடிக்காட்டி நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அவ உதடு வீங்கினதை என் கண்ணால பாத்தேன்."

"உங்க கண்ணுக்கு நான் எது பண்ணாலும் வீங்கித்தான் தெரியும்."

"கொஞ்சம் சும்மா இருக்கீங்களா ரெண்டு பேரும்? குழந்தை பாக்கறா" என்றாள் தங்கச்சி.

சிட்டு எங்களைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் திரும்பி வந்து சொட்டுகளைத் துடைத்தாள். சின்ன ஸ்கேலை வைத்து அளந்தாள். காகிதத்தில் எழுதினாள். மாஸ்டர் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். சிட்டுவின் கை வழுவழுவென்று இருந்தது. பேனா எண்களைத் தவிர ஒன்றுமே இல்லை.

"ஒண்ணும் இல்ல! பாத்தியா? ஒண்ணுமே இல்ல!" மாஸ்டர் எழுந்தே விட்டார்.

"டாக்டர் பாத்துதான் சொல்லணும் சார். பத்து நிமிஷம் இருங்க." நர்ஸ் காகிதத்தோடு போய்விட்டாள்.

அவர் யாருக்காகக் காத்திருப்பார்? ஒன்றரை வருஷக் கோபம் அவர் தொண்டையில் இருந்தது.

"என்னைக் கொலைகாரன் மாதிரி பாத்தீங்களே! பார்க் பெஞ்சுல உக்காந்து ஒரு பிஸ்கட் குடுக்க விட்டீங்களா? அவ என் கையை மோந்து பாத்துட்டு, 'அப்பா, இதுல முந்திரி இருக்கா'ன்னு கேக்கறா. பெத்த அப்பன் கையை! அப்படி வளத்து வெச்சிருக்கீங்க!"

தங்கச்சி வாயைத் திறந்தாள். பொத்துக்கொண்டு வந்த அழுகையோடு கைகழுவும் இடத்துக்கு ஓடினாள்.

"அப்பா, தாகமா இருக்கு" என்றாள் சிட்டு.

"வா கண்ணு." அவளை ஒரு கையிலும் பையை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை. தடுக்க என்னிடம் என்ன இருந்தது?

தங்கச்சி முகம் கழுவிக்கொண்டு திரும்பியபோது டாக்டரம்மாவும் உள்ளே வந்தார். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

"பத்தாவதும் பூஜ்யமா?"

"ஆமா டாக்டர். ரெண்டு தடவ அளந்தேன்" என்றாள் நர்ஸ்.

"அப்ப இந்த டெஸ்ட்டே செல்லாதும்மா. பத்தாவது தடிச்சே ஆகணும். தடிக்கலைன்னா, இந்த அஞ்சு நாளுக்குள்ள யாரோ குழந்தைக்கு மருந்து குடுத்திருக்காங்க."

தங்கச்சிக்கு உயிர் திரும்பி வந்தது. "அவர்தான்! டாக்டர், அவர்தான் குடுத்திருக்கணும்! ஞாயித்துக்கிழமை பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனாரு. எழுதுங்க டாக்டர், அதை அப்படியே எழுதுங்க!"

"வேற யாரு பண்ணுவா? பாவி மனுஷன்!" என்றேன் நான்.

"அலர்ஜி மருந்துதான்னு இல்ல. தும்மலுக்கு, மூக்கு ஒழுகறதுக்குக் குடுக்கற சிரப்பும் இதே வேலையைப் பண்ணும்" என்றார் டாக்டரம்மா.

எனக்குச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. சிட்டுவைப் பள்ளிக்கூடத்தில் விடக் கூட்டிக்கொண்டு போகிறேன். காரில் ஏறியதிலிருந்து தும்மல். இதற்கு முன்னால் இரண்டு தடவை ஜலதோஷம் என்று டெஸ்ட்டைத் தள்ளி வைத்தோம். இரண்டு தடவையும் "நாடகம்" என்றார் மாஸ்டர். மூன்றாவது தடவை அந்த ஆள் அப்படிச் சொல்லிச் சிரிக்க நான் விடுவேனா? காரில் வைத்திருக்கும் ஜலதோஷ சிரப்பை எடுத்து இரண்டு ஸ்பூன் கொடுத்தேன். ஜலதோஷத்துக்கும் அலர்ஜிக்கும் என்ன சம்பந்தம்? தங்கச்சியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஃப்ரிட்ஜ் கதவைக் காட்டிக் குதிப்பாள்.

இப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழி மாஸ்டர் தலையில் போய் உட்கார்ந்தது எனக்கு இதமாக இருந்தது. மறைப்பானேன்! திங்கட்கிழமை அந்த அதிகாரி அம்மா முன்னால் அவர் முகம் தொங்கப்போவதைக் கூட ஒரு நொடி நினைத்துப் பார்த்துவிட்டேன்.

"யார் குடுத்தாங்கன்னு அப்புறம் பாக்கலாம். குழந்தை எங்க?" என்றார் டாக்டரம்மா.

"அவங்க அப்பாவோட தண்ணி குடிக்கப் போயிருக்கா."

"ஒண்ணும் சாப்பிடாமப் பாத்துக்கோங்க. அந்த மருந்து கையில குத்தின இடத்துல வர்ற சின்னத் தடிப்பைத்தான் மறைக்கும். தொண்டை வீங்கினா அதைத் தடுக்காது."

துணிப்பை!

ஓடினேன். என் உடம்புக்கு ஓட்டம் ஒத்து வராது. அன்றைக்கு ஓடினேன்.

தண்ணீர் மெஷின் பக்கத்து பெஞ்சில் சிட்டு காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் மடியில் பெட்டி திறந்திருந்தது. உள்ளங்கை அகலத்தில் சின்ன கேக். மேலே வெள்ளை கிரீம், சுற்றுப்பக்கம் முழுக்க பழுப்பு நிறத் தூள். ஒரு ஸ்பூன் எடுத்து அவள் வாய்க்கு நேராகப் பிடித்திருந்தார்.

"மாஸ்டர்! குடுக்காதீங்க!"

"வந்துட்டாங்கய்யா, பிரேக் போட."

"டெஸ்ட் செல்லாது. டாக்டரே சொல்லிட்டாங்க."

"உங்களுக்குப் பிடிச்ச மாதிரி வரலைன்னா செல்லாதா? வேற ஏதாவது புதுசாச் சொல்லுங்க. ஆ காட்டு கண்ணு."

சிட்டு என்னைப் பார்த்தாள், ஸ்பூனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

கையைத் தட்டிவிட்டிருக்கலாமே என்பீர்கள். எனக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு நோயாளியைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். குரல் மட்டும்தான் அந்தப் பக்கம் போகும். அந்தக் குரலையோ அவர் நம்பப் போவதில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நம்புகிற மாதிரி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"நான்தான் மருந்து குடுத்தேன்!"

ஸ்பூன் அப்படியே நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"செவ்வாக்கிழமை, ஜலதோஷ மருந்து, ரெண்டு ஸ்பூன். அதனாலதான் கை தடிக்கல. நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான்."

தள்ளுவண்டி போய்விட்டது. அவர் என்னையே பார்த்தார். நானாக என் கழுத்தை அவர் கையில் கொடுக்கிற ஆளில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் நம்பினார். ஸ்பூனைப் பெட்டிக்குள் போட்டார். பெட்டியை மூடி மறுபக்கம் தள்ளி வைத்தார்.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"இப்பவா?"

"திங்கக்கிழமை வரைக்கும் விட்டா மாத்திப் பேசுவீங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். அதனால் எனக்கு இன்னும் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சொன்னேன். நாள், வேளை, எத்தனை ஸ்பூன், எல்லாம்.

"சத்தமாச் சொல்லுக்கா. எனக்கும் கேக்கணும்."

பின்னால் தங்கச்சி நின்றிருந்தாள்.

"உனக்காகத்தாண்டி பண்ணேன்…"

"எனக்காகவா? அவரைத் தோக்கடிக்கறதுக்கு! என் குழந்தை உடம்புல உனக்கு என்னக்கா போட்டி? இத்தனை நேரம் அவரைப் பாவின்னு சொன்னியே, அந்த வாயால!"

"நல்லாக் கேளு. இந்தக் கேள்வியை ஒண்ணரை வருஷம் முன்னாடியே கேட்டிருந்தா நாம இப்படி நிக்க மாட்டோம்" என்றார் மாஸ்டர்.

"நீங்க வாயை மூடுங்க! டாக்டர் வர்றதுக்கு முன்னாடி பெட்டியைத் திறக்க உங்களுக்கு யாரு சொன்னா?"

"என் பொண்ணுக்கு நான் குடுக்க யாரு சொல்லணும்?"

"அவளுக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"ஆச்சா? இப்ப ஏதாவது ஆச்சா?"

மூன்று பேரும் கத்தினோம். யார் எதைச் சொன்னோம் என்று கேட்டால் இப்போது எனக்கே தெரியாது. பழைய குப்பை எல்லாம் வெளியே வந்தது. தண்ணீர் பிடிக்க வந்த ஒருவர் பாட்டிலோடு அப்படியே திரும்பிப் போனார்.

"அம்மா, கழுத்து அரிக்குது."

திரும்பினோம். சிட்டுவின் கழுத்தில் தாடைக்குக் கீழே திட்டுத் திட்டாகச் சிவந்து தடித்திருந்தது. மேலுதடு ஒரு பக்கம் பெரிதாகிக்கொண்டிருந்தது.

"என்னடி சாப்பிட்டே?"

"ஓரத்துல இருந்த தூள் மட்டும்தாம்மா. பெரியம்மா வர்றதுக்கு முன்னாடி. விரலால தொட்டு…"

"இதுல முந்திரி இல்ல!" மாஸ்டரின் குரல் கீச்சென்றது. "சத்தியமா இல்ல! இவளுக்காகத் தனியாப் பண்ணேன். புதுப் பாத்திரம், புதுக் கரண்டி, மாவு கூடப் புது மூட்டை…" நின்றுவிட்டார். "தூள்" என்றார்.

பேக்கரியில் கேக்கைச் சதுரமாக வெட்டும்போது விழும் ஓரங்களை வீணாக்க மாட்டார்கள். காய வைத்து அரைத்து ஒரு டின்னில் போட்டு வைப்பார்கள். அடுத்த நாள் கேக்கின் பக்கவாட்டில் ஒட்டுவதற்கு அந்தத் தூள்தான். பழக் கேக், முந்திரிக் கேக், எல்லாவற்றின் ஓரமும் அந்த ஒரே டின்னில்தான்.

"பதினஞ்சு வருஷமா ஒட்டறேன். கை தானாப் போயிடுச்சு" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு அவரைத் திட்ட வரவில்லை.

சிட்டு இருமினாள். இரண்டாவது தடவை இருமியபோது சத்தம் வேறு மாதிரி இருந்தது. தங்கச்சி அவளை வாரிக்கொண்டு ஓடினாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ஓடினோம்.

"என்ன சாப்பிட்டா? சரியாச் சொல்லுங்க!" டாக்டரம்மா ஊசியை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"முந்திரி. கேக் தூள்ல கலந்திருந்தது. நான்தான் ஒட்டினேன், நான்தான் குடுத்தேன்" என்றார் மாஸ்டர்.

தொடையில் ஊசி இறங்கியது. சிட்டு வீறிட்டாள். அந்த அழுகையைக் கேட்டுத் தங்கச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழ முடிகிறதே, மூச்சு வருகிறதே! எங்கள் மூன்று பேருக்கும் அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

கால் மணி நேரத்தில் திட்டுகள் வெளிற ஆரம்பித்தன. டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மத்த ஏழுக்கும் இன்னொரு நாள் ஒழுங்கா டெஸ்ட் எடுக்கலாம். முந்திரிக்கு வேண்டாம். அதை நீங்க மூணு பேரும் சேர்ந்து நடத்திக் காட்டிட்டீங்க."

கையுறையைக் குப்பைக் கூடையில் போட்டார்.

"சாயங்காலம் வரைக்கும் இங்கயே படுத்திருக்கணும். ஒருத்தர்தான் கூட இருக்கலாம். யாரு இருக்கீங்க?"

"நான்" என்று மூன்று குரல்.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். கட்டில் பக்கம் குனிந்தார். "நீயே சொல்லு கண்ணு. உனக்கு யாரு வேணும்?"

சிட்டு அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற நர்ஸின் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"இந்த அக்கா."

"எனக்கு வேலை இருக்கே செல்லம்."

"பரவால்ல. நீங்க வேலை பாருங்க. நான் சும்மா படுத்திருக்கேன்."

"ஏன், அம்மா வேண்டாமா?"

"அவங்க சண்டை போடுவாங்க." குரல் இன்னும் கரகரவென்று இருந்தது. "அப்புறம் யாராவது எனக்கு ஏதாவது குடுப்பாங்க."

எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஒன்றரை வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான். மாஸ்டர் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். மைதாவும் கண்ணீரும் சேர்ந்து கன்னத்தில் பசையாகிவிட்டது.

"அந்த வீடியோவை அழிச்சிடுங்க. அக்கா பண்ணது தப்புதான். ஆனா அதைத் திங்கக்கிழமை காட்டாதீங்க" என்றாள் தங்கச்சி, தரையைப் பார்த்தபடி.

அவர் போனை வெளியே எடுத்துப் பார்த்தார். "இதை நான் நிறுத்தவே இல்ல. தூள் விஷயம், நான் பேசினது, அவ இருமினது, எல்லாமே இதுல இருக்கு."

"அப்ப உங்களுக்கும் சேர்த்துத்தானே வம்பு? அழிச்சிடுங்க" என்றேன்.

"தெரியல" என்றார். அழிக்கவும் இல்லை, பையில் போடவும் இல்லை.

கதவு திறந்தது. நர்ஸ் தலையை மட்டும் நீட்டினாள். மூன்று பேரும் ஒன்றாக எழுந்தோம்.

"நல்லா இருக்கா, பயப்படாதீங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. திங்கக்கிழமை நீங்க போற இடத்துக்கு அவளும் வரணுமாம்."

"எதுக்கு?" என்றார் மாஸ்டர்.

"அங்க இருக்கற மேடம்கிட்ட அவளுக்குத் தனியாப் பேசணுமாம். நீங்க யாரும் உள்ள வரக் கூடாதாம்."